2020இல் நின்றது கேள்வி நேரம், கேள்விகள் அல்ல

"கொரோனா ஆண்டில் நாடாளுமன்றத்தில் எம்.பி.க்கள் அரசிடம் ஒரு கேள்விகூடக் கேட்க முடியவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது பாதிதான் சரி.

2020 செப்டம்பர் 14 அன்று தொடங்கிய மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தை எடுத்துவிட்டார்கள். அதனால் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள், அதாவது அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியவை, போய்விட்டன. நட்சத்திரக் குறி இல்லாத கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வப் பதில் வந்துகொண்டுதான் இருந்தது. ஊரடங்கில் ஊர் திரும்பும்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர், குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா என்று கேட்டதற்கு, அப்படி ஒரு தரவே பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு என்ற பேச்சே எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் சொன்னது நினைவிருக்கிறதா? அது அந்தக் கூட்டத்தொடரின் முதல் நாளில் எழுத்தில் வந்த பதில்தான்.

உண்மையில் பறிபோனது துணைக் கேள்வி, அதாவது அமைச்சரின் வாய்மொழிப் பதிலைக் கேட்டதும் அவையிலேயே தொடர்ந்து கேட்கும் கேள்வி. அதைச் சின்ன இழப்பு என்று நான் சொல்லவில்லை. வழக்கமாக மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகள், எழுத்துப் பதிலுக்கு 230 வரை பட்டியலிடுவார்கள். அந்த 20இலும் சில மட்டுமே அவையில் எடுக்கப்படும். ஆனால் அந்தச் சிலவற்றில்தான் "தரவு ஏன் இல்லை? யார் சேகரித்திருக்க வேண்டும்?" என்று அமைச்சரை அங்கேயே மடக்க முடியும். எழுத்துப் பதிலில் அந்த வழியே கிடையாது.

சந்தேகம் இருப்பவர்கள் மக்களவை இணையதளத்தில் அமைச்சகமும் தேதியும் கொடுத்துத் தேடிப் பாருங்கள், பழைய பதில்கள் கிடைக்கும்.