கன்ஸ்மோக்கை நடுவிலிருந்து தொடங்காதீர்கள்

"கன்ஸ்மோக் கொஞ்சம் பார்த்தேன், ஒட்டவில்லை" என்று யாராவது சொன்னால் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்தக் கன்ஸ்மோக்?

1955 செப்டம்பர் 10 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கி 1975 மார்ச் 31 வரை ஓடிய தொடர் இது. 20 பருவங்கள் (சீசன்கள்), 635 அத்தியாயங்கள். ஒரே பெயரில் ஓடினாலும் உள்ளே மூன்று தொடர்கள் இருக்கின்றன. முதல் ஆறு பருவங்கள் அரை மணி நேரக் கறுப்பு வெள்ளை, 233 அத்தியாயங்கள். ஏழாவது முதல் பதினொன்றாவது பருவம் வரை ஒரு மணி நேரக் கறுப்பு வெள்ளை, 176. பன்னிரண்டாவது பருவத்திலிருந்து ஒரு மணி நேர வண்ணம், 226. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான் கால் வைக்கிறார்கள். வண்ணப் படம் கண்ணுக்குப் பழக்கமானது, மறுஒளிபரப்பிலும் அதிகம் சுற்றியது. அங்கே தொடங்கினால் நல்ல நாடகம் கிடைக்கும். ஆனால் எழுபது ஆண்டுகளாக ரசிகர்கள் இதை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது பிடிபடாது. அந்தப் பிடிப்பின் வேர் அந்த 233 அரை மணி நேரங்களில் இருக்கிறது. இது என் உறுதியான கருத்து.

கதைக்களம் கன்சாஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டி, 1870கள். டெக்சாஸிலிருந்து மாடுகளை ஓட்டிவந்து ரயிலில் ஏற்றும் ஊர். கையில் கூலியும் இடுப்பில் துப்பாக்கியுமாக வரும் மாட்டுக்காரர்கள், அவர்களை நம்பிப் பிழைக்கும் மதுக்கடைகள், சூதாட்ட மேசைகள். நடுவே, ஊரின் சட்டம் ஒழுங்கைக் காக்கும் அதிகாரியான மார்ஷல் மேட் டில்லன். மேட் கற்பனைப் பாத்திரம். ஊரும் அதன் முக்கியத் தெருவான ஃப்ரன்ட் ஸ்ட்ரீட்டும் லாங் பிராஞ்ச் என்ற மதுக்கடையும் நிஜம். நிஜ டாட்ஜில் ரயில் தண்டவாளம்தான் எல்லைக்கோடு. அதற்கு வடக்கே துப்பாக்கி எடுத்துவரக் கூடாது என்று சட்டமே இருந்தது. நிஜ லாங் பிராஞ்ச் 1885 தீ விபத்தில் அழிந்துவிட்டது. இன்று அந்த ஊரில் பூட் ஹில் அருங்காட்சியகம் பழைய கடைவீதியைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறது. ஊரில் ஒரு தெருவுக்குக் கன்ஸ்மோக் என்றே பெயர். தொடரைப் பார்த்துவிட்டு அங்கே போகிறவர்கள் மலையைத் தேடி ஏமாறுவதுண்டு. அந்தப் பகுதி தட்டையான புல்வெளி. திரையில் தெரியும் குன்றுகளும் பாறைகளும் படப்பிடிப்பு நடந்த கலிஃபோர்னியா போன்ற இடங்களுக்குச் சொந்தமானவை.

இப்போது அந்த அரை மணி நேரங்களுக்கு வருவோம்.

ஆரம்பப் பருவங்களில் அத்தியாயம் தொடங்குவதே இடுகாட்டில். பூட் ஹில் கல்லறைகளுக்கு நடுவே மேட் தனியாக நடக்கிறார், பின்னணியில் அவர் குரல். புதைந்து கிடப்பவர்களில் சிலர் அவர் கையால் செத்தவர்கள். வீர சாகசத் தொடர் ஒன்று தன் நாயகனை வாரா வாரம் இடுகாட்டில் அறிமுகம் செய்கிறது என்றால், எழுதியவர்களின் நோக்கம் வேறு. இரண்டாவது பருவத்தில், 1957இல் வந்த 'ப்ளடி ஹேண்ட்ஸ்' அதை வெளிப்படையாகவே பேசுகிறது. ஒரு கொள்ளைக் கும்பலைப் பிடிக்கப் போய் மூன்று பேரைக் கொல்ல நேர்ந்த மேட், இனி என்னால் முடியாது என்று பதவியை விட்டுவிடுகிறார். லாங் பிராஞ்சை நடத்தும் தோழி கிட்டியோடு மீன் பிடிக்கப் போகிறார். முகத்தில் அப்போதுதான் ஒரு தெளிவு தெரிகிறது. அந்த நேரம் பார்த்து அவருடைய உதவியாளன் செஸ்டர் வருகிறான்: ஊரில் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டார்கள். நீங்கள்தான் வர வேண்டும், என்னால் முடிந்தால் நானே செய்வேன், எனக்கு முடியாது என்கிறான். இருபத்தாறு நிமிடத்துக்குள் இவ்வளவும் நடக்கிறது. மேட் திரும்பவும் துப்பாக்கியைத் தொடும்போது பார்க்கிறவருக்குக் கைதட்டத் தோன்றாது. மனசு கனக்கும்.

இந்த எழுத்து வானத்திலிருந்து குதிக்கவில்லை. தொலைக்காட்சிக்கு வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1952 ஏப்ரலில், கன்ஸ்மோக் வானொலி நாடகமாகத் தொடங்கிவிட்டது. தயாரிப்பாளர் நார்மன் மெக்டானல், எழுத்தாளர் ஜான் மெஸ்டன் இருவரும் பெரியவர்களுக்கான வெஸ்டர்ன் (அமெரிக்க மேற்குப் பகுதியின் துப்பாக்கிக் காலக் கதை) வேண்டும் என்று உருவாக்கினார்கள். மேட்டுக்குக் குரல் கொடுத்தவர் வில்லியம் கான்ராட். வானொலி வடிவம் 1961 வரை தொலைக்காட்சிக்கு இணையாகவே ஓடியது. அரை மணி நேரத் தொலைக்காட்சிக் கதைகளில் பல, முதலில் வானொலிக்கு எழுதப்பட்டவை. அதனால்தான் அவற்றில் பேச்சு அளந்து வருகிறது, மௌனத்துக்கு இடம் இருக்கிறது.

ரசிகர்களில் பலர் வானொலியைத் தொடுவதே இல்லை. பெரிய இழப்பு. அதன் ஒலிகளை மட்டும் கவனித்தாலே போதும்: மரப்பலகை நடைபாதையில் பூட்ஸ் விழும் சத்தம், குதிமுள்ளின் கிணுகிணுப்பு, கதவைத் திறந்ததும் உள்ளே வந்துவிடும் தெருவின் இரைச்சல், எங்கோ குரைக்கும் நாய். பல நொடிகள் ஒருவரும் பேச மாட்டார்கள், நடந்துபோவது மட்டும் கேட்கும். ஒப்பிட்டுப் பார்க்க 'தி கேபின்' சரியான தேர்வு. பனிப்புயலில் ஒதுங்க மேட் ஒரு குடிசைக்குள் நுழைகிறார். உள்ளே இரண்டு குற்றவாளிகள், அவர்கள் பிடியில் ஒரு பெண். 1952 வானொலி வடிவத்தை முதலில் கேளுங்கள், விளக்கை அணைத்துவிட்டு. பிறகு 1958 தொலைக்காட்சி வடிவத்தைப் பாருங்கள். புயல் ஓய்ந்தபின் மேட் அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் சொல்கிறார். அவள் அதை நம்பியதாகத் தெரியவில்லை. கதை அவ்வளவில் நிற்கிறது. வானொலிப் பதிவுகள் பெருமளவு தப்பிப் பிழைத்திருக்கின்றன, இணையத்தில் சிரமமில்லாமல் கிடைக்கும்.

வானொலியையும் திரையையும் ஒப்பிடுகிறவர்கள் ஊர் மருத்துவரான டாக் ஆடம்ஸைக் கவனிக்க வேண்டும். வானொலியில் ஹோவர்டு மெக்நியர் பேசிய டாக், ஆரம்பத்தில் பிணம் விழுந்தால் தனக்குக் கட்டணம் வருமே என்று பார்க்கும் ஆள். திரையில் மில்பர்ன் ஸ்டோன் அந்தக் கடுகடுப்பை வைத்துக்கொண்டு உள்ளே ஒரு ஈரத்தைச் சேர்த்தார். காது மடலை இழுப்பது, மீசையைத் துடைப்பது போன்ற சின்னச் சின்னச் செய்கைகளை இருபது ஆண்டுகள் கைவிடாமல் வளர்த்தார். 1971இல் இதய அறுவை சிகிச்சைக்குப் போனபோது சில அத்தியாயங்களில் பேட் ஹிங்கிள் வேறொரு மருத்துவராக வந்தார். அவர் நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனாலும் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பது உறுத்துகிறது.

பார்க்கும் விதத்தில் நடக்கும் தவறுகளைச் சொல்லியாக வேண்டும், அனுபவத்தைப் பாழாக்குபவை அவைதான்.

முதல் தவறு, விளம்பரத்தோடு வரும் மறுஒளிபரப்பை மட்டும் நம்புவது. அன்றைய அரை மணி நேர அத்தியாயம் சுமார் 26 நிமிடம். இன்றைய விளம்பர நேரத்துக்குள் அடக்க வேண்டுமானால் மூன்று நான்கு நிமிடமாவது போக வேண்டும். வெட்டுகிறவர் துப்பாக்கிச் சண்டையில் கை வைக்க மாட்டார். லாங் பிராஞ்சில் மேட், கிட்டி, டாக், செஸ்டர் நால்வரும் பீர் குவளையோடு சும்மா பேசிக்கொண்டிருக்கும் இடம், டாக் செஸ்டரைச் சீண்டும் இடம், கதை முடிந்தபின் வரும் கடைசி அரை நிமிடம், இவைதான் முதலில் போகும். கதை நகர்வதற்கு அவை தேவையில்லை. பாசம் பிறப்பதற்கு அவைதான் தேவை. ஆகவே வெட்டப்படாத வட்டுகளிலோ, முழு நீளத்தில் தரும் ஓடிடியிலோ பாருங்கள். நீளத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்: அரை மணி நேர அத்தியாயம் 22, 23 நிமிடத்தில் முடிந்தால் அது வெட்டப்பட்ட பிரதி.

இரண்டாவது, படத்தின் அகலம். இது 4க்கு 3 என்ற சதுரத்துக்கு நெருங்கிய சட்டத்தில் எடுக்கப்பட்டது. இப்போதைய தொலைக்காட்சிகள் தாமாகவே இழுத்து அகலமாக்கிவிடும், முகங்கள் உப்பிப்போகும். மேட்டாக நடித்த ஜேம்ஸ் ஆர்னஸின் உயரம் 6 அடி 7 அங்குலம். அவர் வாசல் நிலையில் குனிந்து நுழைவதும் மற்றவர்கள் அண்ணாந்து பேசுவதும் அந்தப் பாத்திரத்தின் பாதி. இழுத்துவிட்டால் அவர் சராசரி ஆளாகிவிடுவார். பெரிதாக்கினால் தலையே வெட்டுப்படும். ரிமோட்டில் பட அளவை 4:3க்கு மாற்றிவிட்டு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, பெயர்க் குழப்பம். அரை மணி நேர அத்தியாயங்களை 1961க்குப் பிறகு 'மார்ஷல் டில்லன்' என்ற தலைப்பில் மறுஒளிபரப்பு செய்தார்கள். பிரிட்டனில் 'கன் லா' என்ற பெயரில் ஓடியது. பழைய பிரதிகளில் இந்தத் தலைப்புகளைப் பார்த்துவிட்டு வேறு தொடர் என்று கடந்துபோகாதீர்கள். அமெரிக்க டிவிடி வாங்குகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அவை மண்டலம் 1க்கானவை. இந்தியா மண்டலம் 5. எல்லா மண்டலத்தையும் ஏற்கும் பிளேயர் இல்லையென்றால் வட்டு ஓடாது. பருவங்களைத் தனித்தனியாக வாங்கினால், பெரும்பாலான பருவங்கள் இரண்டு பெட்டிகளாகப் பிரிந்து வரும், இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மலைப்பாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 233 அரை மணி நேரங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 100 மணி நேரம். நாளுக்கு இரண்டு என்றால் நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும். ஒரே மூச்சில் ஆறேழு பார்க்காதீர்கள். வாரத்துக்கு ஒன்று என்று எழுதப்பட்டவை, அடுக்கிப் பார்த்தால் சோகம் சலித்துப்போகும்.

ரசிகர்கள் நடுவே தீராத சண்டை ஒன்று உண்டு. மேட்டுக்குத் துணையாக வந்தவர்களில் யார் சிறந்தவன்: செஸ்டரா, அவனுக்குப் பின் வந்த ஃபெஸ்டஸா? டென்னிஸ் வீவர் நடித்த செஸ்டர் கால் விந்தி நடப்பவன், பொதுவாகத் துப்பாக்கி அணியாதவன், "மிஸ்டர் டில்லன்" என்றே அழைப்பவன். 1959இல் வீவருக்குத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது, 1964இல் விலகினார். கென் கர்ட்டிஸ் நடித்த ஃபெஸ்டஸ் 1962 டிசம்பரில் ஒரு அத்தியாயத்தில் எட்டிப் பார்த்து, 1964இல் நிரந்தரமானான். கோவேறு கழுதை மேல் வருபவன், எழுதப் படிக்கத் தெரியாதவன், டாக்கோடு ஓயாமல் மல்லுக்கு நிற்பவன். அந்தக் கரகரத்த குரலுக்குச் சொந்தக்காரர் முன்பு இசைக்குழுக்களில் பாடிய அருமையான பாடகர் என்றால் நம்பவே முடியாது. இந்தச் சண்டையில் ஒரு பிழை இருக்கிறது. செஸ்டரை அரை மணி நேரக் கதையிலும் ஃபெஸ்டஸை வண்ணக் கதையிலும் பார்த்துவிட்டு ஒப்பிடுகிறார்கள். அது நடிகர்களின் ஒப்பீடு ஆகாது, இரண்டு வடிவங்களின் ஒப்பீடு. நியாயமாகப் பார்க்க வேண்டுமானால் ஏழு முதல் ஒன்பது வரையான பருவங்களின் செஸ்டரையும், பத்து, பதினொன்றாம் பருவங்களின் ஃபெஸ்டஸையும் பக்கத்தில் வையுங்கள். அதே நீளம், அதே கறுப்பு வெள்ளை. அப்போது ஃபெஸ்டஸ் பக்கம் பலர் சாய்வார்கள் என்று நினைக்கிறேன். என் ஓட்டு செஸ்டருக்குத்தான்.

வண்ணக் காலத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலம் கிடைத்ததே பெரிய காரியம். 1957-58 முதல் நான்கு பருவங்கள் தொடர்ந்து அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த தொடரை, 1967இல் பார்வையாளர் குறைந்துவிட்டார்கள் என்று நிறுத்த முடிவெடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. சி.பி.எஸ். தலைவர் வில்லியம் பேலியே தலையிட்டு முடிவை மாற்றினார். சனி இரவிலிருந்து திங்கள் மாலை ஏழரைக்கு மாற்றினார்கள். அதற்கு இடம் விட்டுப் போனது 'கில்லிகன்ஸ் ஐலண்ட்'. அடுத்த பருவத்திலேயே கன்ஸ்மோக் நான்காவது இடத்துக்கு ஏறியது. கதையில் இருந்த பலவீனத்தால் அது சரிந்திருக்கவில்லை, வைத்த நேரம்தான் தவறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இந்தக் காலத்தில் 1966இல் பெட்டி டேவிஸ் நடித்த 'தி ஜெய்லர்', 1971இன் மூன்று பாகக் கதையான 'தி புல்லட்' இரண்டையும் விடாதீர்கள். இரண்டாவதில் மேட்டின் முதுகெலும்பை ஒட்டிக் குண்டு தங்கிவிடுகிறது, டாக் கத்தியை எடுக்கத் துணியாமல் டென்வருக்கு ரயிலேற்றுகிறார்.

பிந்தைய பருவங்களில் மேட் ஏன் குறைவாக வருகிறார் என்று புதியவர்கள் கேட்பார்கள். ஆர்னஸ் 1944இல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் காலில் குண்டடி பட்டவர். வயது ஏற ஏற நீண்ட நேரம் நிற்பதும் சவாரி செய்வதும் பெரும் வேதனை. ஓரிரு அத்தியாயங்களுக்கு மட்டும் வந்துபோகும் விருந்தினர் நடிகர்களைச் சுற்றிக் கதைகள் அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அவர் குதிரையிலிருந்து இறங்கும் விதமே வேறாகத் தெரியும்.

மேட்டும் கிட்டியும் கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை. கிட்டியாக நடித்த அமாண்டா பிளேக் 19 பருவங்கள் இருந்துவிட்டு 1974இல் விலகினார். இருபதாவது பருவத்தில் லாங் பிராஞ்சை வேறொரு பெண் நடத்துகிறாள். 1975இல் தொடரை நிறுத்தியபோது விடைபெறும் அத்தியாயம் என்று ஒன்று எடுக்கப்படவே இல்லை. கடைசியாக ஒளிபரப்பானது 'தி ஷேர்க்ராப்பர்ஸ்', வழக்கமான வாரக் கதை. 1987 முதல் 1994 வரை வந்த ஐந்து தொலைக்காட்சிப் படங்களில் முதல் படத்தில் மட்டும் கிட்டி வருகிறாள். ஆகவே 635ஐயும் பார்த்து முடித்தவர்கள் அதோடு நிறுத்திவிடாமல் அந்த 1987 படத்தையும் பார்த்துவிடுங்கள். மேட்டும் கிட்டியும் கடைசியாகச் சந்திப்பது அங்கேதான்.