டேங்க் ரோடு கோயிலை வட்டிக் கணக்கில் அடைக்காதீர்கள்

அந்தக் காணொளியைப் பார்க்காதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் வாசலில் நின்றுகொண்டு, "இது வட்டிக்காசில் எழுந்த கோயில், கட்டடமும் பழையதில்லை" என்று சொல்லிவிட்டு, தமிழகத்திலிருந்து வந்த அந்த இளைஞர் சிரித்தபடி போய்விட்டார். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

வட்டிக்காசு மட்டும் கோயில் கட்டாது. 1859-இல் குடமுழுக்கு நடப்பதற்கு முன்பு அங்கே இருந்தது, குளத்தருகே அரசமரத்தடியில் ஒரு வேல். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் கடன் தொழில் நடத்திய கிட்டங்கிகளில் கணக்குப் பெட்டியடியே வீடாக, மனைவி மக்களைச் செட்டிநாட்டில் விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்கள், வரவில் முருகனுக்கென்று மகமையாக ஒரு பங்கு ஒதுக்கியவர்கள், அந்த வேலைத்தான் கும்பிட்டார்கள்.

பர்மாவை மறந்துவிட்டாயா என்பீர்கள். மறக்கவில்லை. 1930களின் நெல் விலை வீழ்ச்சியில் உழவர்களின் நிலங்கள் ஏராளமாகச் செட்டியார்கள் கைக்கு வந்தன. ஆனால் பெரிய வங்கிகள் ஏறெடுத்தும் பார்க்காத சிறு வணிகர்களுக்கு மலாயாவில் கடன் கொடுத்தது யார்? அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

நான் நகரத்தார் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் சாதிப் பற்று என்று எழுதுவீர்கள். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அண்ணன் காய்ச்சலில் கிடந்து பிழைத்த ஆண்டு, தைப்பூசத்தன்று அம்மா சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து பால்குடம் எடுத்து டேங்க் ரோடு வரை வெறுங்காலில் நடந்தார். கோயிலுக்குள் நுழைந்ததும் நகரத்தார் வீட்டு ஆச்சி ஒருவர், கொப்பளித்துப்போன அந்தக் கால்களில் தண்ணீர் ஊற்றினார். எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்கவே இல்லை. எங்கள் குடும்பம் வட்டிக்குக் கடன் வாங்கியும் இருக்கிறது, அந்தச் சந்நிதியில் அழுதும் இருக்கிறது. வட்டிக்காசாம்!

கட்டடம் 1983-இல் புதிதாகக் கட்டியதுதான். அதனால் என்ன? திருப்பணி செய்யாத கோயில் எந்த ஊரில் இருக்கிறது? 2014-இல் இந்த நாடு அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. கிட்டங்கிகளை இடித்தாகிவிட்டது, குளமும் போய்விட்டது. ஆனால் தைப்பூசத்துக்கு முந்தைய நாளான செட்டிப்பூசத்தன்று வெள்ளித்தேர் கியோங் சைக் ரோடு விநாயகர் கோயிலுக்குப் போய்த் திரும்புகிறது. அது பழையதில்லையா?

தமிழகத்திலிருந்து வருகிற சிலருக்கு எங்கள் கோயிலும் நகல், எங்கள் தமிழும் நகல். எத்தனை தலைமுறை வாழ்ந்தால் எங்களுடையது அசலாகும்? விருந்தாளியாக வந்து, சாப்பிட்டு, படம் பிடித்து, கடைசியில் இப்படி ஒரு சொல்லா?

அந்தக் காணொளியின் தலைப்பை மாற்றும்படி அவருக்கு எழுதினேன், பதில் இல்லை. பகிர்ந்தவர்களில் என் சொந்தங்களும் இருக்கிறீர்கள். நீங்களாவது அதை எடுத்துவிடுங்கள்.