லாரி ஹோம்ஸின் உச்சம் கூனி இரவில் இல்லை

‘புள்ளிவிவரப் புலவர்’ என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எனக்குச் சூட்டப்பட்ட பட்டத்தைப் பணிவுடன் ஏற்றுக்கொள்கிறேன். அங்கே இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். இல்லாதவர்களுக்கு இரண்டு நாள்களாகச் சுற்றிவரும் கேலிப் படங்கள் தெரிவித்திருக்கும். ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் லாரி ஹோம்ஸின் உச்சம் 1982இல் ஜெரி கூனியை வென்ற இரவுதான் என்றும், அதற்கு முன்பு அவர் முகமது அலியிடம் அடி வாங்கிப் பழகிய ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) பையன் என்பதைத் தவிரச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றும் பேச வந்தவர் சொன்னார். நான் எழுந்து குறிப்பேட்டைப் பார்த்து நான்கு தேதிகளைச் சொல்ல முயன்றேன். மூன்றாவது தேதியில் சிரிப்பு தொடங்கியது. நான்காவது தேதியை யாரும் கேட்கவில்லை. ஆகவே அதை இங்கே சொல்லிக்கொள்கிறேன். இங்கே ஒலிவாங்கியைப் பிடுங்க ஆள் இல்லை.

முதல் தேதி 1978 ஜூன் 9. லாஸ் வேகாஸ் நகரின் சீசர்ஸ் பேலஸில் கென் நார்ட்டனிடமிருந்து ஹோம்ஸ் உலக ஹெவிவெயிட் பட்டத்தைப் பறித்த நாள். நார்ட்டன் யார் என்று தெரியாதவர்களுக்காக ஒரு வரி: 1973இல் அலியின் தாடையை உடைத்தவர். அந்த நார்ட்டனை எதிர்கொள்வதற்குச் சில நாள்களுக்கு முன்பு பயிற்சியில் ஹோம்ஸின் இடது கைத்தசை கிழிந்திருந்தது. ஹோம்ஸிடம் மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அந்த இடது கையை மட்டும் விட்டால்கூட அவர் ஒரு வெற்றியாளர்தான். ‘ஜாப்’ என்று நாம் சொல்லும் நேர்க்குத்தில் ஹெவிவெயிட் வரலாற்றிலேயே அவருக்கு இணையானவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அந்தக் கை கிழிந்த நிலையில் பதினைந்து சுற்றுகள் நின்றார். முதல் சுற்றுகளைத் தன் ஜாப்பால் எடுத்தார், நடுவில் நார்ட்டன் மெல்ல மெல்ல அவற்றைத் திரும்பப் பிடித்தார், கடைசிச் சுற்று தொடங்கியபோது அந்த ஒரு சுற்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதாக இருந்தது. இரண்டு நடுவர்கள் 143-142 என்று ஹோம்ஸுக்கும், ஒருவர் அதே எண்ணிக்கையை நார்ட்டனுக்கும் கொடுத்தார்கள். அந்தப் பதினைந்தாவது சுற்றைப் பார்த்த பிறகும் ‘ஸ்பாரிங் பையன்’ என்று சொல்பவரிடம் எனக்கு வாதம் இல்லை. ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை என்பதுதான் என் சந்தேகம்.

என் கருத்தை இன்னொரு முறை தெளிவாக வைக்கிறேன். அந்த ஜூன் 9 முதல் 1980 ஜூலையில் ஸ்காட் லெடூவை வென்றது வரையான 25 மாதங்கள்தான் லாரி ஹோம்ஸின் உச்சம். கூனி அல்ல. அந்த 25 மாதங்களில் பட்டத்தை ஏழு முறை காத்தார்; ஏழு பேரில் ஒருவர்கூடக் கடைசி மணி வரை நிற்கவில்லை.

உச்சம் என்ற சொல்லை நாம் மிகவும் கவனக்குறைவாகப் பயன்படுத்துகிறோம். ஒருவர் மிகப் பெரிய பணம் வாங்கிய நாளும், மிக அதிகமானவர்கள் அவரைப் பார்த்த நாளும் அவருடைய உச்சமாகிவிடாது. மூளை கேட்டதை உடல் மறுக்காமல் கொடுத்த காலம்தான் உச்சம். 1949இல் பிறந்த ஹோம்ஸுக்கு நார்ட்டன் சண்டையின்போது வயது 28. கூனி சண்டையின்போது 32. எட்டி ஃபட்ச் என்ற மாபெரும் பயிற்சியாளர் அவருடைய பயிற்சிக்கு வந்த பிறகு அவர் நிதானமடைந்தார், வீண் அடிகளைக் குறைத்தார், ஆகவே 1982இன் ஹோம்ஸ்தான் முழுமையானவர் என்று ஒரு நண்பர் தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார். நல்ல வாதம். நான் அவருக்குச் சொல்வது இதுதான்: இளநீரும் கொப்பரையும் ஒரே மரத்துக் காய்கள்தான், கொப்பரையில்தான் எண்ணெய் அதிகம், அதற்காக முற்றின காயை வெட்டிக் குடிக்கக் கொடுப்பதில்லை. 1979இன் ஹோம்ஸ் மூன்று நிமிடமும் கால் விரல்களில் நகர்ந்தார். 1982இன் ஹோம்ஸ் நகர வேண்டிய இடத்தில் மட்டும் நகர்ந்தார். அது முதிர்ச்சி என்பது உண்மைதான். ஆனால் அந்த முதிர்ச்சி அவருக்கு ஏன் தேவைப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

‘அப்படியானால் 1979இல் இரண்டு முறை தடுமாறியது ஏன்?’ என்பது அடுத்த கேள்வி. இதுதான் நியாயமான கேள்வி, என் இரண்டாவது, மூன்றாவது தேதிகளே இதற்குப் பதில். 1979 ஜூன் 22, மேடிசன் ஸ்கொயர் கார்டன். மைக் வீவர் என்ற, யாரும் பெரிதாக மதிக்காத ஒருவர் ஹோம்ஸை உலுக்கி எடுத்தார். உடல் நலமில்லாமல் வளையத்துக்குள் வந்த ஹோம்ஸ், பதினோராவது சுற்றின் முடிவில் கீழிருந்து மேலே ஏறும் ஓர் அப்பர்கட் குத்தால் வீவரை வீழ்த்தி, பன்னிரண்டாவதில் முடித்தார். செப்டம்பர் 28, மீண்டும் சீசர்ஸ் பேலஸ். ஏழாவது சுற்றில் எர்னி ஷேவர்ஸின் வலது கை ஹோம்ஸின் தாடையில் இறங்கியது. அந்தக் காலத்தில் ஷேவர்ஸை விடப் பலமாக அடித்தவர் யார் என்று கேட்டால் அவரிடம் அடி வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். ஹோம்ஸ் வெட்டிய மரம்போல மல்லாந்து விழுந்தார். நடுவர் பத்து எண்ணுவார் என்று பார்ப்பவர் முடிவு செய்துவிடும் கணத்தில் எழுந்தார். எழுந்தது மட்டுமல்ல, அதே சுற்றைப் பிழைத்து, பதினோராவது சுற்றில் ஷேவர்ஸை நிறுத்தினார். விழுந்ததால் உச்சம் இல்லை என்பது என்ன கணக்கு? அப்படி விழுந்து எழுந்து ஜெயிக்க முடிந்த உடலுக்குப் பெயர்தான் உச்சம்.

இப்போது நான்காவது தேதி: 1981 ஏப்ரல் 11. ட்ரெவர் பெர்பிக் ஹோம்ஸுக்கு எதிராகப் பதினைந்து சுற்றுகளும் நின்ற நாள். அந்த ஏழு பேரையும் பிறகு அலியையும் சேர்த்து, தொடர்ந்து எட்டுப் பேரைப் பாதியிலேயே அனுப்பியவருக்கு எதிராக, அவர் பட்டத்தைக் காத்த சண்டைகளில் முதல் முறையாக ஒருவர் கடைசி மணியைக் கேட்டார். பெர்பிக் பெரிய மேதையல்ல. அதே ஆண்டு நவம்பரில் ரெனால்டோ ஸ்னைப்ஸ், ஏழாவது சுற்றில், ஹோம்ஸைக் கீழே வீழ்த்தினார். ‘ஷேவர்ஸும்தானே வீழ்த்தினார்’ என்று உடனே எழுதப் போகிறீர்கள். ஐயா, ஷேவர்ஸ் ஷேவர்ஸ், ஸ்னைப்ஸ் ஸ்னைப்ஸ். புயலில் சாய்ந்த மரத்தையும் ஆடிக்காற்றில் சாய்ந்த மரத்தையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. சரிவு கூனிக்கு முன்பே தொடங்கிவிட்டது; இதைச் சொல்லத்தான் அந்த நான்காவது தேதி. சிரித்து முடித்திருந்தால் இப்போதாவது குறித்துக்கொள்ளலாம்.

அந்த 25 மாதங்களில் ஹோம்ஸிடம் தோற்ற ஈவாஞ்ஜலிஸ்டா, ஒகாசியோ, ஸனோன் போன்றவர்கள் பலவீனமானவர்கள் என்ற வாதமும் வந்திருக்கிறது. இருக்கட்டும். எல்லா வெற்றியாளர்களின் பட்டியலிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள்.

இந்த மனிதரை நான் ஏன் இவ்வளவு விட்டுக்கொடுக்காமல் பேசுகிறேன் என்று கேட்பவர்களுக்கு என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1980இன் தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது சித்தப்பா கூட்டத்தில் நின்று பார்த்தவர். மேடையில் எம்.ஜி.ஆர். இருந்தார் என்பதைவிட, அலி தன் பக்கம் திரும்பிக் கை அசைத்தார் என்பதைத்தான் அதிகம் சொல்வார். அந்தப் பக்கம் பல ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள் என்று நாங்கள் ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி ஹோம்ஸ் அந்த அலியைப் பத்து சுற்றுகள் அடித்தார். அன்றிலிருந்து சித்தப்பா ஹோம்ஸின் பெயரைச் சொன்னதே கிடையாது. ‘அந்தக் கார் கழுவினவன்’ என்றுதான் சொல்வார். பென்சில்வேனியாவின் ஈஸ்டனில் பள்ளியை விட்டு நின்ற சிறுவன் ஹோம்ஸ் கார் கழுவிப் பிழைத்தது உண்மை. அது எப்படி வசைச்சொல் ஆனது என்று எனக்கு அந்த வயதில் கேட்கத் தோன்றவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, யூடியூபில் நார்ட்டன் சண்டையின் பதினைந்தாவது சுற்றை, யார் என்று சொல்லாமல் சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முடிந்ததும், “இன்னொரு தரம் போடுடா” என்றார். இரண்டாவது முறை பார்த்துவிட்டு, “நம்ம அலிகிட்டேயிருந்து கத்துக்கிட்ட கை இது” என்றார். பெயரைச் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “முப்பது வருஷமா திட்டிட்டேனேடா” என்று மட்டும் சொன்னார். அந்த ‘ஸ்பாரிங் பையன்’ என்ற சொல்லை ஞாயிற்றுக்கிழமை கேட்டபோது என் குரல் உயர்ந்தது என்றால், காரணம் குறிப்பேடு அல்ல.

அந்த அக்டோபர் இரவை உச்சக்காலக் கணக்கில் சேர்க்காமல் ஜூலையிலேயே நிறுத்துவது வசதியான தந்திரம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆம், நான் அதைச் சேர்ப்பதில்லை. தைராய்டு மாத்திரையால் உடல் வற்றி, கையைத் தூக்கவே முடியாமல் நின்ற 38 வயது மனிதரை, தான் யாரிடம் தொழில் கற்றாரோ அவரை, அடித்துக்கொண்டே ‘நிறுத்துங்கள்’ என்பதுபோல நடுவரைத் திரும்பிப் பார்த்தவரின் ஆற்றலை அந்த இரவை வைத்து எப்படி அளப்பது? வென்றபின் அழுத வெற்றியாளரை நான் வேறு எங்கும் அதிகம் பார்த்ததில்லை. இது தர்க்கரீதியான பதில் இல்லை என்பது எனக்கே தெரிகிறது. சேர்க்க மாட்டேன்.

கூனிக்கு வருகிறேன், ஏனென்றால் அதைத் தவிர்க்கிறேன் என்று சொல்லிவிடுவார்கள். 1982 ஜூன் 11இன் சண்டை மிக நல்ல சண்டை. இரண்டாவது சுற்றில் கூனியைக் கீழே தள்ளினார். பதிமூன்றாவதில் கூனியின் பயிற்சியாளரே உள்ளே ஏறிவந்து நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனால் இடுப்புக்குக் கீழே அடித்ததற்காகக் கூனியிடமிருந்து மூன்று புள்ளிகள் கழிக்கப்பட்டன. அவற்றைக் கழிக்காவிட்டால் பன்னிரண்டு சுற்றுகளின் முடிவில் இரண்டு நடுவர்களின் அட்டையில் கூனியே முன்னால் இருந்திருப்பார். இதுவா உச்சம்? அப்புறம் ஏன் எல்லோருக்கும் அந்த இரவு மட்டும் நினைவிருக்கிறது? எதிரே நின்றவர் வெள்ளைக்காரர் என்பதால். நான்கு ஆண்டுகளாகப் பட்டத்தை வைத்திருந்தவருக்கு, ஒரு பட்டமும் வெல்லாத 25 வயது இளைஞருக்குச் சமமான ஊதியம் பேசினார்கள். வெற்றியாளரைக் கடைசியில் அறிமுகம் செய்வதுதான் வழக்கம். அன்று ஹோம்ஸை முதலில் அழைத்துவிட்டுக் கூனியைக் கடைசியில் அழைத்தார்கள். வேறொருவருக்காகப் போட்ட விளக்கு வெளிச்சத்தில் ஹோம்ஸ் தெரிந்தார், அதனால் அன்றுதான் அவர் வந்தார் என்று நினைத்துக்கொண்டோம். 1978இல் கிழிந்த கையோடு நின்றபோது அவர் எங்கே இருந்தாராம்?

நான் கோபத்தில் எழுதுவதாகத் தோன்றலாம். பேச வந்தவர்மீது எனக்குத் தனிப்பட்ட வருத்தம் இல்லை. நன்றாகத்தான் பேசினார், சிரிக்க வைத்தார், புகைப்படமும் அழகாக வந்திருக்கிறது. முன்வரிசையில் இருந்து சிரித்தவர்களில் இரண்டு பேருக்கு நார்ட்டன் சண்டையின் காணொளியை அனுப்பியவனே நான்தான் என்பது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. அவர்கள் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. செய்தியில் ஒற்றை டிக்தான் நிற்கிறது.

நேற்று குறிப்பேட்டில் ஐந்தாவது தேதியையும் சேர்த்துவிட்டேன்: 1978 மார்ச் 25, ஷேவர்ஸுடனான முதல் சண்டை. பன்னிரண்டு சுற்றுகள், கிட்டத்தட்ட எல்லாமே ஹோம்ஸுக்கு. என் 25 மாதங்களை ஏன் அங்கிருந்தே தொடங்கக்கூடாது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.