சிறு பட்டறைக்காரரின் நேரம் பாக்கி வசூலில் கரைகிறது

கோவையில் கணபதி, பீளமேடு பகுதிகளிலுள்ள சிறு பட்டறைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தொழில் செய்பவர்களுக்கு நேர மேலாண்மை பற்றிச் சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை, அதிகாலையில் எழுங்கள், கைபேசியை ஒதுக்கி வையுங்கள், செய்ய வேண்டியதைப் பட்டியலிடுங்கள் என்பதோடு நின்றுவிடுகின்றன. மூன்று நான்கு லேத் (கடைசல் இயந்திரம்) போட்டு, பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க், அதாவது கூலிக்கு உதிரிபாக வேலை, செய்து கொடுக்கும் ஒருவருக்கு இவை எதுவும் பெரிதாக உதவுவதில்லை என்பதே என் கருத்து. அவர் ஆட்கள் வருவதற்கு முன்பே பட்டறையைத் திறந்துவிடுகிறவர். அவருடைய நேரத்தைத் தின்பது வரவேண்டிய பணம்.

அது எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சரக்கு போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆன பில்லுக்காக அவர் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போன் செய்கிறார். பர்சேஸ் மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை என்கிறார்கள். ஆளை அனுப்பினால் மதிக்க மாட்டார்கள் என்பதால் லேத்தை நிறுத்திவிட்டுத் தானே வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் காத்திருக்கிறார். இந்த அலைச்சல் கண்ணுக்குத் தெரிகிறது. இதன் பின்விளைவாகப் போகும் நேரம் தெரிவதில்லை. கையில் பணம் இல்லாததால் டூல்ஸை மொத்தமாக வாங்க முடியாமல், ஒவ்வொரு முறை தீரும்போதும் கடைக்கு ஓட வேண்டியிருக்கிறது; சனிக்கிழமை சம்பளத்துக்காக வெள்ளிக்கிழமை மாலை முழுவதும் கைமாற்றுக்கு அலைய வேண்டியிருக்கிறது. போதாததற்கு, பணம் வந்தாலும் வராவிட்டாலும், மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுபவர் 11ஆம் தேதிக்குள் பில் விவரங்களை ஏற்றி, 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். கைக்கு வராத பணத்துக்கும் வரி கட்டுவதற்காக அவர் அந்த வாரத்தில் இன்னும் இரண்டு கம்பெனிகளுக்கு நடக்கிறார். இவ்வளவுக்கும் பிறகு அவரிடம் போய் நேரத்தைத் திட்டமிடத் தெரியவில்லை என்று சொல்வது அநியாயம்.

சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் வாங்கியவர் பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை மாதாந்திரக் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தில் இதைக் கேட்டவர்கள் குறைவு. ஒரே கம்பெனியை நம்பிப் பிழைக்கும் பட்டறைக்கு அந்தப் பயம் நியாயமானது. அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்து 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதி நிலைமையைச் சற்று மாற்றியிருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி, அந்தச் செலவை உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் கணக்கில் கழித்துக்கொள்ள முடியும். ஆகவே இப்போது கம்பெனியின் ஆடிட்டரே நிலுவைப் பட்டியலைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார். சண்டைக்குப் போகாமலே, உத்யம் பதிவு எண்ணை (குறு, சிறு, நடுத்தர நிறுவனம் என்று அரசிடம் பதிந்ததற்கான எண்) பில்லில் அச்சடித்து, கெடுவைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், பல இடங்களில் கோப்பு நகர்கிறது. (வெறும் வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு, அவர்கள் உத்யமில் பதிந்திருந்தாலும், இந்தப் பாதுகாப்பு கிடையாது. அது எனக்கு வருத்தம் தரும் குறை.)

சரக்கோடு அனுப்பும் சீட்டான டெலிவரி சலானில் வாங்கியவரின் கையெழுத்தோடு தேதியையும் கட்டாயம் வாங்குங்கள், ஏனென்றால் நாள் கணக்கு சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்துதான் தொடங்குகிறது. வசூல் போன்களை நாள் முழுக்கச் சிதறவிடாமல் வாரத்தில் ஒரு காலைப்பொழுதுக்கு ஒதுக்குங்கள். பட்டறையை அடைக்கும் முன் அன்றைய பில்லையும் சலானையும் கணக்கில் ஏற்றிவிட்டால், பத்தாம் தேதி இரவில் பிளாஸ்டிக் கவரைக் கொட்டித் தேட வேண்டிய அவசியம் இருக்காது. பல வீடுகளில் அந்தத் தேடலைச் செய்வது மனைவிமார்தான் என்பதையும், அவர்களுடைய உறக்கத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

தொடர்ந்து இழுத்தடிக்கும் கம்பெனிக்கு இவையெல்லாம் போதாது. அப்படிப்பட்ட ஆர்டரை எடுப்பதானால், வசூலுக்கு அலையும் நேரத்தையும் கூலியோடு சேர்த்து விலை சொல்லுங்கள். அந்த விலைக்கு அவர்கள் ஒத்துவராவிட்டால் ஆர்டரை விட்டுவிடுங்கள். பழைய பாக்கி மிகப் பெரியதாக இருந்து, அந்தக் கம்பெனியோடு இனி தொழில் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டால், இந்தச் சட்டத்தின் கீழ் பாக்கிப் புகார்களை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றம் கோவையிலேயே இருக்கிறது. மனுவை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அங்கே போகும்போது தேதியிட்ட சலான்களும் பில்களும் கையில் இருக்க வேண்டும்.