ஊதாத விசிலுக்கு அப்பீல் கிடையாது

காலை ஆறு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் ஆட்டம் பார்க்கிறவர்களுக்குத்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும். கடைசி இரண்டு நிமிடம் என்று திரையில் வரும்போது அடுப்பில் பாலை வைத்தால், பால் பொங்கி, காபி கலந்து, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் ஒரு நிமிடம் பாக்கி இருக்கும். ஃபவுல், டைம்அவுட், விளம்பரம், மறுபடி ஃபவுல். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். பொறுக்க முடியாதது வேறு.

ஒரு நாள் இப்படித்தான் பந்து கோட்டுக்கு வெளியே போயிற்று. பயிற்சியாளர் டைம்அவுட் கேட்டு, ஆட்காட்டி விரலைத் தலைக்கு மேல் சுழற்றினார். சேலஞ்ச், அதாவது நடுவர் முடிவை ரீப்ளேயில் மறுபடி பார்க்கச் சொல்கிறார் என்று அர்த்தம். நடுவர்கள் மேசைப் பக்கம் போய் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார்கள். இதற்கென்றே நியூஜெர்சியில் செகாகஸ் என்ற ஊரில் 2014 முதல் ஒரு ரீப்ளே மையம் இயங்குகிறது. பந்து கடைசியாக எவன் நகக்கண்ணில் உரசியது என்று முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டி, பெரிதாக்கிப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "இவ்வளவு நுணுக்கிப் பார்க்கிறவர்கள், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்தப் பையன் கையில் அடி விழுந்ததே, அதை ஏன் பார்க்கவில்லை?"

"அதற்கு விசில் ஊதவில்லை அம்மா. ஊதாததைப் பார்க்கக் கூடாது" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. கூடைப்பந்தே தெரியாத ஒருவருக்கு ஒரு நிமிடத்தில் உறைத்தது, அத்தனை கோடி டாலர் புரளும் சங்கத்துக்கு உறைக்கவில்லை.

விதி அப்படித்தான் இருக்கிறது. 2019-20 பருவத்தில் சோதனையாகத் தொடங்கிய இந்த சேலஞ்சை, நடுவர் ஏற்கெனவே ஊதிய முடிவின் மேல்தான் கேட்க முடியும். உங்கள் ஆள் மேல் ஃபவுல் ஊதினார்களா, கேளுங்கள். பந்து வெளியே போனது என்று ஊதினார்களா, கேளுங்கள். உங்கள் ஆளை எதிராளி அறைந்தும் நடுவர் சும்மா இருந்துவிட்டாரா, வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். 2024-25இல் ஒரு சிறு ஓட்டை போட்டார்கள்: வெளியே போன பந்தைப் பற்றி சேலஞ்ச் கேட்கும்போது, அதை ஒட்டியே நடந்த, ஊதாமல் விட்ட ஃபவுலையும் நடுவர்கள் கணக்கில் எடுக்கலாம். ஆக, அடி வாங்கினால் மட்டும் போதாது, பந்தும் புத்தியோடு கோட்டைத் தாண்டி விழ வேண்டும்.

2023 ஜனவரி 28, பாஸ்டன். நமக்கு அது ஞாயிறு காலை. லேக்கர்ஸும் செல்டிக்ஸும் 105-105. கடைசி விநாடிகளில் லேக்கர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ் கூடையை நோக்கிப் பாய்ந்து இடது கையால் பந்தைப் போடப் போகிறார். செல்டிக்ஸின் டேட்டம் அந்தக் கையில் அடிக்கிறார். பந்து விழவில்லை, விசிலும் இல்லை. முப்பத்தெட்டு வயது மனிதர், உலகமே கொண்டாடும் ஆட்டக்காரர், பொம்மையைப் பறிகொடுத்த குழந்தை மாதிரி தரையில் மண்டியிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். எந்தப் பக்கத்திலிருந்து ரீப்ளே காட்டினாலும் அடி தெரிந்தது. எனக்குத் தெரிந்தது, அம்மாவுக்குத் தெரிந்தது, பால் பாக்கெட் போட வந்தவருக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

அடுத்து நடந்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று இன்றும் தெரியவில்லை. லேக்கர்ஸ் ஆட்டக்காரர் பேட்ரிக் பெவர்லி, மைதான ஓரத்தில் இருந்த புகைப்படக்காரரின் கேமராவை வாங்கி, பதிவான படத்தை நடுவரிடம் நீட்டினார். 'இதோ பாருங்கள், அடித்திருக்கிறார்.' சாட்சியோடு வந்தவருக்குக் கிடைத்தது டெக்னிக்கல் ஃபவுல், அதாவது நடத்தைக்கான தண்டனை! கூடுதல் நேரம் தொடங்கும் முன்பே செல்டிக்ஸுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் ஒரு புள்ளிக்கு எறியும் வாய்ப்பு. முடிவு 125-121, லேக்கர்ஸ் தோல்வி. ஆட்டம் முடிந்ததும் தவறு எங்களுடையதுதான் என்றார் தலைமை நடுவர். தூக்கம் வராது என்று நடுவர் சங்கமும் வருத்தப்பட்டது. தூக்கம் எங்களுக்கும்தான் போயிற்று, அதுவும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்.

சரி, நூற்றில் ஒன்று என்று விட்டுவிடலாமா? 2025 ஏப்ரல் 27, டெட்ராய்ட், பிளேஆஃப் தொடரின் நான்காவது ஆட்டம். நியூயார்க் நிக்ஸ் 94, டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 93. கடைசி விநாடியில் மூலையிலிருந்து பிஸ்டன்ஸின் டிம் ஹார்டவே ஜூனியர் மூன்று புள்ளிக்கு எறிகிறார். எறியும்போதே நிக்ஸின் ஜாஷ் ஹார்ட் வந்து அவர் மேல் மோதுகிறார். விசில் இல்லை. ஆட்டம் முடிந்தது. கொஞ்ச நேரத்தில் தலைமை நடுவரே சொல்லிவிட்டார், ஃபவுல் கொடுத்திருக்க வேண்டும் என்று. கொடுத்திருந்தால் மூன்று ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தால் சமன், இரண்டு விழுந்தால் வெற்றி, தொடர் இரண்டுக்கு இரண்டு. கொடுக்காததால் நிக்ஸ் மூன்றுக்கு ஒன்று.

இதற்கு மேல் ஒரு கேலிக்கூத்து, 'கடைசி இரண்டு நிமிட அறிக்கை.' 2015 மார்ச் முதல், நெருக்கமாக முடியும் ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத்தை ஆராய்ந்து மறுநாள் வெளியிடுகிறார்கள். சரியாக ஊதியது, தவறாக ஊதியது, சரியாக ஊதாமல் விட்டது, தவறாக ஊதாமல் விட்டது என்று நான்கு வகை. கவனியுங்கள், நான்காவது வகைக்குத் தனிப் பெயரும் சுருக்கெழுத்தும் வைத்திருக்கிறார்கள்! நோய்க்குப் பெயர் வைத்து, பதிவேடு போட்டு, வாராவாரம் எண்ணுவார்களாம். மருந்து மட்டும் தர மாட்டார்களாம். பிரேதப் பரிசோதனை அறிக்கை நேரத்துக்கு வந்துவிடுகிறது, அதுதான் அவர்களுக்குப் பெருமை.

நடுவர்களைத் திட்டுவது என் நோக்கமில்லை. ஆறரை அடி, ஏழடி ஆட்கள் பத்துப் பேர் முட்டி மோதுவதை மூன்று பேர் ஓடிக்கொண்டே பார்க்க வேண்டும். என்னை அங்கே நிறுத்தினால் விசிலையே விழுங்கிவிடுவேன். கண் தவறும், சரி. தவறிய கண்ணுக்கு உதவத்தானே அத்தனை கேமரா?

முறையீடு செய்யலாமே என்பீர்கள். நிக்ஸே செய்து பார்த்தது. 2024 பிப்ரவரி 12, ஹூஸ்டன். 103-103, கடைசி நொடியில் ஹூஸ்டனின் ஆரன் ஹாலிடே தூரத்திலிருந்து எறிய, நிக்ஸின் ஜேலன் பிரன்சன் அவரை இடித்ததாக ஃபவுல் ஊதினார்கள். ஹாலிடே இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டு 105-103 என்று முடித்தார். அதுவும் தவறான விசில் என்று நடுவர் பிறகு ஒப்புக்கொண்டார். ஒப்புதல் வாக்குமூலத்தையே ஆதாரமாக வைத்து நிக்ஸ் முறையிட்டது, தள்ளுபடி. விதியைத் தவறாகப் பயன்படுத்தினால்தான் முறையீடு செல்லும், நடுவரின் கணிப்பு பிசகினால் செல்லாதாம்.

எது செல்லும் தெரியுமா? கூட்டல் கணக்கு. 2007 டிசம்பர் 19 அன்று அட்லாண்டாவில், ஐந்து ஃபவுல் மட்டுமே செய்திருந்த மியாமி ஆட்டக்காரர் ஷகீல் ஓ'நீலை, ஆறாகிவிட்டது என்று எழுதி ஆட்டத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். மியாமி முறையிட்டது, வென்றது. 2008 மார்ச் 8 அன்று இரண்டு அணியையும் மறுபடி கூட்டிவைத்து, விட்ட இடத்திலிருந்து 51.9 விநாடி ஆடச் சொன்னார்கள். யாருக்காக அந்த 51.9 விநாடியோ, அந்த ஷகீல் ஓ'நீல் அதற்குள் பீனிக்ஸ் அணிக்கு மாற்றப்பட்டுவிட்டார். மறு ஆட்டத்தில் இரு அணியும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

ஒன்று, இரண்டு எண்ணத் தெரியாததற்கு மூன்று மாதம் கழித்தும் பரிகாரம் உண்டு. கையில் அடித்தது தெரியாததற்கு மூன்று விநாடி கழித்துக்கூடக் கிடையாது.

கடைசி இரண்டு நிமிடத்தில் ஊதாத ஃபவுலுக்கும் ஒரு சேலஞ்ச் கொடுங்கள் என்றால், ஆட்டம் நீண்டுவிடும் என்கிறார்கள். யார் சொல்வது பாருங்கள்! நகக்கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். தவறாகக் கேட்டால் டைம்அவுட் பறிபோகட்டும், கண்டபடி எவனும் விரலைச் சுழற்ற மாட்டான். டெட்ராய்ட்டில் ஹார்டவே அந்த மூன்று ஃப்ரீ த்ரோவை எறிய ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? அடுப்பில் பால்கூடப் பொங்கியிருக்காது.