அந்தக் காட்சியில் தேர்வு கிடையாது

"வெள்ளைப் பாஸ்பரஸைப் போடாமல் துப்பாக்கியால் சண்டை போட்டே கீழே இறங்கலாம், போட்டது விளையாடுபவரின் குற்றம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. 2012-ல் வந்த 'ஸ்பெக் ஆப்ஸ்: த லைன்' என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் (ஷூட்டர்), எதிரிகள் மேல் வெள்ளைப் பாஸ்பரஸை, அதாவது ஆட்களை எரித்துவிடும் ரசாயனக் குண்டை, வீசும் அந்த இடத்தில் வேறு வழியே கிடையாது. சுட்டுப் பாருங்கள், எதிரிகள் வந்துகொண்டே இருப்பார்கள், கடைசியில் நீங்கள்தான் சாவீர்கள். அந்தக் குண்டை வீசும் மோர்ட்டாரை (சிறு பீரங்கி) தொட்டால்தான் கதை நகரும்.

அதனால்தான் அந்தக் காட்சி இவ்வளவு வாதத்தைக் கிளப்பியது. கருப்பு வெள்ளைத் திரையில் வெள்ளைப் புள்ளிகளைக் குறிவைப்பது ஷூட்டர் ஆடும் எல்லாருக்கும் பழகிய வேலை. அந்தப் பழக்கத்திலேயே நம்மைச் செய்ய வைத்துவிட்டு, பிறகு எரிந்துபோன பொதுமக்கள் நடுவே நடக்க விடுகிறது. கட்டாயப்படுத்திவிட்டுக் குற்றம் சாட்டுவது நியாயமா என்ற கேள்வி நேர்மையானது. என் பார்வையில் குற்றவாளி, நாம் ஆடும் கதாபாத்திரமான கேப்டன் வாக்கர். அவனுடைய படைவீரன் லூகோ மறுத்தும் அவன் கேட்கவில்லை.

உண்மையான தேர்வு வேறு இடங்களில் இருக்கிறது. பிறகு லூகோவைத் தூக்கிலிட்ட பொதுமக்கள் கூட்டம் சூழ்ந்து நிற்கும்போது வானத்தை நோக்கிச் சுட்டாலே அவர்கள் கலைந்து ஓடுவார்கள். அப்படிச் செய்யலாம் என்று திரையில் எந்தக் குறிப்பும் வராது. பலர் கூட்டத்தின் மேலேயே சுட்டுவிடுகிறார்கள். விளையாடுபவரின் பொறுப்பைப் பற்றிப் பேசுவதென்றால் இந்தக் காட்சியை வைத்துப் பேசுங்கள். இறுதியில் மீட்க வரும் வீரர்களிடம் துப்பாக்கியைக் கீழே போடுவதும் அப்படித்தான், அதை முழுக்க நம்மிடமே விட்டிருக்கிறார்கள்.