கீபோர்டு போனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய சிப்?

திரைக்குக் கீழே நிஜமான எழுத்துப் பட்டன்கள் வைத்த கீபோர்டு போன் ஒன்று புதிதாக வருகிறது என்று செய்தி வந்தால் போதும், போட்டோவை முழுசாகப் பார்ப்பதற்குள் ஒருவர் வந்து "இந்த விலைக்கு இந்த பிராசசரா?" என்று, அதாவது போனின் மூளையான சிப்பைப் பற்றி, கேட்டுவிடுவார். 2025-இல் யுனிஹெர்ட்ஸ் டைட்டன் 2 வந்தபோதும் இதே பாட்டுதான். டைமென்சிட்டி 7300 சிப், 12 ஜிபி ரேம், 512 ஜிபி சேமிப்பு, 5050 எம்ஏஎச் பேட்டரி. இது போதாதாம். ஃபிளாக்ஷிப், அதாவது இருப்பதிலேயே மேல்மட்டச் சிப் போட்டிருந்தால் வாங்கியிருப்பார்களாம். சரி, வாங்கி அதில் என்ன செய்வதாக உத்தேசம்?

கிண்டலுக்குக் கேட்கவில்லை, நானும் சில வருடம் முன்பு வரை அதே கட்சிதான். ஸ்பெக் ஷீட்டை மேலிருந்து கீழே படித்து, சிப் பெயரில் மேல்மட்ட வரிசையைக் காட்டும் 8 என்ற எண் இல்லை என்றால் மூடிவிட்டுப் போய்விடுவேன். பட்டன் போனையே தினமும் புழங்க ஆரம்பித்த பிறகுதான் நான் தப்பான வரியைப் படித்துக்கொண்டிருந்தது புரிந்தது.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு கட்டைவிரலாலும் நன்றாக அடிக்கத் தெரிந்தவர் நிமிடத்துக்கு 40 வார்த்தை அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், வார்த்தைக்கு ஐந்து எழுத்து என்றால் நொடிக்கு மூன்று சொச்சம் எழுத்து வரும். 2 கிகாஹெர்ட்ஸில் ஓடும் சாதாரண சிப்புக்கு ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே 60 கோடி சுழற்சிகள் கையில் இருக்கின்றன. நம் விரல் எப்போது வரும் என்று அது கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பார்க்கப்போனால் அதிக வேலை வாங்குவது கண்ணாடியில் தெரிகிற கீபோர்டுதான். அதைத் திரையில் வரைய வேண்டும், விரல் பட்ட இடம் எஸ்ஸா டியா என்று ஊகிக்க வேண்டும், முன்னால் வந்த எழுத்துகளை வைத்து எந்த வார்த்தையாக இருக்கும் என்று தேட வேண்டும். பட்டனில் இந்த ஊகத்துக்கு வேலையே இல்லை. சாவிக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் குமிழ் டக்கென்று அமுங்குகிறது, எந்த வரிசை எந்த நிரல் என்று உள்ளே ஒரு குட்டி சிப் பார்க்கிறது, அமுங்கும்போது தொடர்பு சில மில்லிநொடி துள்ளுவதைத் தள்ளிவிட்டு இன்ன எழுத்து என்று சொல்லிவிடுகிறது. அவ்வளவுதான். (இதில் தமிழ் அடிப்பது தனிக் கூத்து. சாவியில் அச்சிட்டிருப்பது ஒன்று, திரையில் விழுவது வேறொன்று. விரல்தான் மனப்பாடம் பண்ண வேண்டும், அதற்கும் எந்த பிராசசரும் உதவாது.)

2008-இல் வந்த பிளாக்பெர்ரி போல்ட் 9000-இல் இருந்தது 624 மெகாஹெர்ட்ஸ் சிப். அதே வருடம் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான எச்டிசி ட்ரீமிலும் இழுத்தால் வெளியே வரும் கீபோர்டு உண்டு, சிப் 528 மெகாஹெர்ட்ஸ். உலகம் முழுக்க ஆபீஸ் வேலையெல்லாம் இந்த மாதிரி போன்களில்தான் நடந்தது. "அது அந்தக் காலம்" என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு இருந்த மெயிலும் இன்றைக்கு இருக்கிற சாட் ஆப்பும் ஒரே எடை கிடையாது.

அதனால் எந்தச் சிப்பாக இருந்தாலும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கும் ஒரு தடவை சூடு பட்டிருக்கிறேன். என்னிடம் இருந்த ஒரு மலிவான கீபோர்டு போன், பெயர் வேண்டாம், ரேம் குறைவு, சேமிப்பும் மெதுவானது. பின்னணியில் ஏதாவது ஆப் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும்போது "இதோ கிளம்பிட்டேன்" என்று அடித்தால் முதலில் திரையில் ஒன்றும் வராது. நான் அடித்து முடித்து, அனுப்பும் பட்டனைத் தேடும்போது, தூங்கி எழுந்தவன் மாதிரி மொத்த வாக்கியமும் ஒரே மூச்சில் வந்து விழும். டச் கீபோர்டில் இப்படி ஆனால் விரல் தானாக நின்றுவிடும். பட்டனில் விரலுக்கு டக் என்ற பதில் கிடைத்துவிடுவதால் அது நிற்காது, நாம் அடித்துக்கொண்டே போவோம், கண்ணும் கையும் ஒன்றையொன்று நம்பாமல் போய்விடும். பட்டன் போனில் லேக் வந்தால் எரிச்சல் இரண்டு மடங்கு. ஆனால் அந்தத் திணறலுக்குக் காரணம் சிப்பின் உச்ச வேகம் குறைவு என்பதைவிட ரேம் பற்றாக்குறையும் ஈஎம்எம்சி என்ற மெதுவான வகைச் சேமிப்பும்தான். நல்ல ரேமும் யுஎஃப்எஸ் என்ற வேகமான வகைச் சேமிப்பும் உள்ள நடுத்தர சிப் போன் ஒன்றுக்கு மாறியதும் அது போன இடம் தெரியவில்லை.

இப்போது நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்த ஒப்பீட்டுக்கு வருகிறேன். 2015 கடைசியில் வந்த பிளாக்பெர்ரி ப்ரிவ், 2017-இல் வந்த கீஒன். ப்ரிவில் ஸ்னாப்டிராகன் 808. அதாவது 20 நானோமீட்டரில் செய்த, இரண்டு கார்டெக்ஸ் ஏ57 கோர் வைத்த, அன்றைய மேல்மட்டத்துக்குப் பக்கத்துச் சிப். கீஒனில் ஸ்னாப்டிராகன் 625. எட்டும் ஏ53 என்ற எளிமையான கோர்தான் (கோர் என்பது சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி), ஆனால் 14 நானோமீட்டர். இந்த எண் சிறிதானால் பொதுவாக மின்சாரமும் சூடும் குறையும். இரண்டிலும் 3 ஜிபி ரேம், பேட்டரியும் ஏறக்குறைய ஒன்றுதான், 3410 எம்ஏஎச்சுக்கும் 3505-க்கும் என்ன பெரிய வித்தியாசம். ப்ரிவ் சூடாகிறது என்று அப்போதைய விமர்சனங்களில் எழுதினார்கள். கீஒனைப் பற்றி எழுதியவர்கள் பேட்டரியைப் பாராட்டாமல் முடிக்கவில்லை. தாளில் பார்த்தால் கீஒன் ஒரு படி இறங்கிய மாதிரி இருக்கும், கையில் எடுத்தால் அது ஒரு படி ஏறிய போன். விலையிலும் அதே கதை. ப்ரிவ் வெளியானது 699 டாலருக்கு. பிளாக்பெர்ரியின் அன்றைய தலைவர் ஜான் சென் 2016-இல் அவரே ஒத்துக்கொண்டார், தங்களுடைய முதல் ஆண்ட்ராய்டு போனையே உயர்ரகத்தில் இறக்கியது அவ்வளவு புத்திசாலித்தனமாக இல்லை என்று. 700 டாலர் கட்டுப்படியாகாது, 400 டாலர் என்றால் பார்க்கலாம் என்று கம்பெனி வாடிக்கையாளர்களே சொன்னார்களாம். வாங்கக் காத்திருந்தவர்கள் கீபோர்டைக் கேட்டார்கள், கம்பெனி சிப்பையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்த்தது.

சூடு ஏன் இங்கே பெரிய விஷயம் என்றால், கீபோர்டு போனுக்குள் இடமே கிடையாது. சாதாரண போனில் திரைக்குப் பின்னால் முழுப் பரப்பும் பேட்டரிக்கும் வெப்பம் பரவும் தகட்டுக்கும் கிடைக்கும். இங்கே சாவிகள், அவற்றின் சர்க்யூட், தாங்கும் சட்டம் எல்லாம் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன, கீபோர்டை இழுத்து வெளியே எடுக்கும் ஸ்லைடர் என்றால் உடம்பே இரண்டு பாதி. அதற்குள் மேல்மட்டச் சிப்பை வைத்தால் அது சில நிமிடம் பாயும், பிறகு சூட்டைக் குறைக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியென்றால் நாம் காசு கொடுத்தது அந்தச் சில நிமிடத்துக்குத்தான்.

திரையையும் பாருங்கள். டைட்டன் 2-இல் 1440-க்கு 1440, மொத்தம் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 3120-க்கு 1440 உள்ள ஃபிளாக்ஷிப் திரையில் 44.9 லட்சம். பாதிக்கும் குறைவான வேலை. சதுரத் திரையில் யாரும் பெரிய கேம் ஆடப்போவதும் இல்லை, ஆடினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை அடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

இன்னொன்று, இந்த போன்களைச் செய்வதெல்லாம் சின்னக் கம்பெனிகள். எஃப்எக்ஸ்டெக் ப்ரோ1 2019-இல் வந்தபோது உள்ளே இருந்தது 2017-இன் ஃபிளாக்ஷிப் சிப்பான ஸ்னாப்டிராகன் 835. அடுத்து ப்ரோ1-எக்ஸ் என்று அதே சிப்பைச் சொல்லி முன்பணம் வாங்கினார்கள், பிறகு அந்தச் சிப் கிடைக்கவில்லை என்று அதைவிடக் கீழ்வரிசையான ஸ்னாப்டிராகன் 662-க்கு மாற்றினார்கள், 2022-இல்தான் போன் கைக்கு வந்தது. கோபப்பட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சொன்னது ஒன்று வந்தது ஒன்று. ஆனால் முதலிலேயே நீண்ட நாள் கிடைக்கக்கூடிய ஒரு நடுத்தரச் சிப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தக் கூத்தே இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எதிர்த்தரப்பில் எனக்கு வலுவாகப் படுவது ஒரே ஒரு வாதம், அப்டேட். மேல்மட்டச் சிப் என்றால் நீண்ட காலம் ஆதரவு கிடைக்கும் என்பார்கள். பொய்யில்லை, ஸ்னாப்டிராகன் 8 எலீட்டுக்கு எட்டு வருடம் வரை அப்டேட் கொடுக்க வழி செய்வதாக 2025-இல் குவால்காமும் கூகுளும் சேர்ந்து அறிவித்தன. ஆனால் அதற்கு ஃபிளாக்ஷிப்தான் ஒரே வழி என்பதில்லை. ஃபேர்போன் 5-ஐ எடுங்கள். 2023-இல் வந்தது, கீபோர்டு இல்லாத போன்தான், இருந்தாலும் பாடம் இதில் இருக்கிறது. அவர்கள் தொழிற்சாலைக் கருவிகளுக்காகச் செய்யப்படும் கியூசிஎம்6490 என்ற நடுத்தரச் சிப்பை எடுத்தார்கள், அதற்கு ஆதரவு காலம் நீளம் என்பதால். அதை வைத்து எட்டு வருடம் அப்டேட் தருவோம் என்றார்கள். மறுபக்கம் 2018-இன் பிளாக்பெர்ரி கீ2. சிப் ஸ்னாப்டிராகன் 660. ஆண்ட்ராய்டு 8.1-உடன் வந்தது, 8.1-உடனேயே நின்றுவிட்டது. அதே 660 சிப்பில் ஓடிய நோக்கியா 7 பிளஸும் ஷாவ்மி மி ஏ2-வும் ஆண்ட்ராய்டு 10 வரை போயின. சிப்பின் மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்?

கேமரா பற்றி நான் வாதாடப்போவதில்லை. நல்ல கேமராவும் பட்டனும் இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு 2024-இலேயே கிளிக்ஸ் என்று ஐபோனுக்கான கீபோர்டு கவர் வந்துவிட்டது, போன் கொஞ்சம் நீளமாகும், அவ்வளவுதான். அவர்களுக்கு அது போதும்.

எனக்கு வேண்டியது வேறு. சிப்பில் மிச்சம் பிடிக்கும் காசைச் சாவியில் போடுங்கள். கீஒனில் ஸ்பேஸ் பட்டனுக்குள்ளேயே கைரேகை சென்சார் வைத்தார்கள், சாவிகளின் மேல் விரலைத் தடவினால் பக்கம் நகரும், ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஆப்பைக் கட்டிவைக்கலாம். ஹோம் ஸ்கிரீனில் நின்று ஒரே அழுத்தில் மெயில், இன்னொரு அழுத்தில் மேப். ஐகானைத் தேடுகிற நேரமே இல்லை என்கிறபோது சிப்பின் வேகத்தை அளக்கும் எந்த பெஞ்ச்மார்க் எண் இதைக் காட்டும்?

முன்னால் சொன்ன அந்த நடுத்தர சிப் போன் இப்போதும் டிராயரில் இருக்கிறது. போன வாரம் சும்மா சார்ஜ் போட்டு எடுத்துப் பார்த்தேன். ஆன் ஆனது, நோட்ஸைத் திறந்து இரண்டு பத்தி அடித்தேன், விரலோடு எழுத்தும் கூடவே ஓடி வந்தது, எங்கும் தடுக்கவில்லை. அப்புறம் பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்தேன். உங்கள் ஆண்ட்ராய்டு பதிப்பு பழையது, இனி இதில் இயங்காது என்று ஒரு வரி வந்தது. மூடிவிட்டு இன்னும் ஒரு பத்தி அடித்தேன்.